லேப்வியூ தகராறு செய்யும்போது: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரி ஆய்வகங்களிலும், குளச்சல் பக்கத்து ஐஸ் தொழிற்கூடங்களிலும், மலையோரத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் கூடங்களிலும் அளவீட்டுக் கருவிகளைப் பொருத்திக் கொடுப்பதும், அவை தகராறு செய்யும்போது மீண்டும் அங்கேயே போய்ச் சரிசெய்வதும் என் வேலை. கட்டங்களை வயரால் இணைத்து நிரல் எழுதும் லேப்வியூவில் ஒரே கோளாறு பல இடங்களில் பல முகங்களோடு வருவதைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளே இவை. எந்தக் கோளாறு வந்தாலும் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவதே பெரும்பாலோரின் முதல் வேலையாக இருக்கிறது. அதற்கு அரை நாள் கழியும், பழைய டிரைவர் பதிப்பும் கையைவிட்டுப் போகும், கோளாறு பெரும்பாலும் அப்படியே நிற்கும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும், காசும் நேரமும் பிடிப்பவற்றைப் பின்னரும் வைத்திருக்கிறேன்.

## கைவைக்கும் முன்

பிழைச் சாளரம் வந்ததும் 'கன்டினியூ' பொத்தானை அழுத்திவிடாமல், அதில் உள்ள எண்ணை மைனஸ் குறியோடு அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் போதும். 'ஏதோ எரர் வந்தது, மூடிவிட்டோம்' என்று சொல்லும் இடத்தில்தான் என் நேரம் அதிகம் செலவாகிறது. அடுத்து, திட்டக் கோப்புறை முழுவதையும் வேறு பெயரில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் சோதனை செய்யுங்கள். மின்தடை வரும் நாளாக இருந்தால் யூபிஎஸ் இல்லாத கணினியில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் நல்ல கோப்பும் கெட்டுவிடும்.

## அறிகுறி 1: ரன் அம்பு உடைந்து தெரிகிறது

உடைந்த அம்பையே அழுத்துங்கள். எரர் லிஸ்ட் திறக்கும்; அதில் ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் பிழை உள்ள இடம் பிளாக் டயகிராமில் (கட்டங்களும் வயர்களும் உள்ள நிரல் பக்கத்தில்) அடையாளமிட்டுக் காட்டப்படும். பட்டியலில் இருபது வரிகள் இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. ஒரு வயரின் தரவு வகை மாறினால் அதைத் தொடரும் இடங்களெல்லாம் பிழையாகத் தெரியும் என்பதால், முதல் ஒன்றிரண்டைச் சரிசெய்ததுமே மற்றவை மறைந்துவிடுவது வழக்கம்.

### வயர் கறுப்புத் துண்டுக்கோடாகி, நடுவில் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தால்

எண்ணையும் எழுத்துச்சரத்தையும் இணைத்திருப்பீர்கள், அல்லது இரண்டு வெளியீடுகளை ஒரே வயரில் சேர்த்திருப்பீர்கள், அல்லது எங்கோ ஒரு துண்டு வயர் மற்றொரு கட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். கன்ட்ரோல்-பி அழுத்தினால் உடைந்த வயர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நீங்கும். ஒளிந்திருக்கும் துண்டுகளுக்கு இது நல்ல மருந்து. ஆனால் துணை விஐ (லேப்வியூ நிரல் கோப்பின் பெயர் விஐ; வேறொரு விஐக்குள் கட்டமாக இருப்பது துணை விஐ) ஒன்றின் இணைப்பு அமைப்போ, பல இடங்களில் பொதுவாகப் பயன்படும் தரவு வகை வரையறையான டைப்டெஃபோ மாறியதால் வயர்கள் உடைந்திருக்கும் வேளையில் இதை அழுத்தக் கூடாது. மூலத்தைத் திருத்தினால் தாமாகவே கூடியிருக்க வேண்டிய வயர்களையும் சேர்த்து அழித்துவிட்டு, எது எங்கே சென்றது என்று தேடிக்கொண்டிருக்க நேரும்.

### துணை விஐயின் இடத்தில் கேள்விக்குறி இருந்தால்

முதன்மை விஐயை மட்டும் பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று பொருள். கோப்புறை முழுவதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். 'சேவ் ஆஸ்' சாளரத்தில் விஐக்களின் அடுக்கு முழுவதையும் வேறோர் இடத்துக்கு நகலெடுக்கும் தேர்வும் இருக்கிறது. காணாமல் போனவை எல்லாமே டாக்எம்எக்ஸ் (தரவு சேகரிப்புக் கருவிகளின் டிரைவர்) அல்லது விசா (சீரியல் முதலிய கருவிகளோடு பேசும் டிரைவர்) தொடர்பானவையாக இருந்தால், அந்தக் கணினியில் அந்த டிரைவர் நிறுவப்படவில்லை.

### 'பூலியன் லாட்ச்' பற்றிய வரி வந்தால்

அழுத்தியதும் தானே மீளும் லாட்ச் வகைப் பொத்தானுக்கு லோக்கல் வேரியபிள் (அதன் மதிப்பை வேறிடத்திலிருந்து படிக்கவோ எழுதவோ உதவும் கட்டம்) வைக்க லேப்வியூ இடம்கொடாது. பொத்தானின் 'மெக்கானிக்கல் ஆக்‌ஷன்' அமைப்பை ஸ்விட்ச் வகைக்கு மாற்றி, நிரல் முடியும் இடத்தில் அதை மீண்டும் அணைத்துவிடுங்கள்.

### பட்டியலில் பொருள்படும் காரணம் ஏதும் இல்லாமல், தொகுப்புப் (கம்பைல்) பிழை என்றோ 'இன்சேன் ஆப்ஜெக்ட்' என்றோ வந்தால்

இது உங்கள் தருக்கத்தின் பிழையன்று. கோப்புக்குள் ஒரு பொருளின் பதிவு குலைந்திருக்கிறது. செய்தியில் பிடிஎச்பி என்ற எழுத்துகள் இருந்தால் பிளாக் டயகிராமிலும், எஃப்பிஎச்பி என்று இருந்தால் ஃப்ரண்ட் பேனலிலும் (பொத்தான்களும் காட்டிகளும் உள்ள திரையிலும்) கோளாறு உள்ளது. முதலில் கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு ரன் அம்பை அழுத்துங்கள். அந்த விஐ புதிதாகத் தொகுக்கப்படும். ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் நினைவகத்தில் உள்ள விஐக்கள் அனைத்தும் தொகுக்கப்படும். அதற்கும் மசியாவிட்டால் 'டூல்ஸ்' மெனுவின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் தொகுத்த பொருள்களின் கேஷைத் துடைத்துவிட்டு லேப்வியூவை மூடித் திறங்கள்.

இன்னமும் தீரவில்லை என்றால் குற்றவாளியைப் பாதி பாதியாகத் தேட வேண்டும். டயகிராமின் ஒரு பாதியை, உள்ளே இருப்பதை ஓடாமல் வைக்கும் டயகிராம் டிசேபிள் ஸ்ட்ரக்சருக்குள் அடையுங்கள். அம்பு சரியாகிவிட்டால் கோளாறு அந்தப் பாதியில் இருக்கிறது. பின் அதையும் இரண்டாக்குங்கள். ஐந்தாறு முறையில் ஒரே பொருளுக்கு வந்து நிற்பீர்கள். அதை அழித்துவிட்டுப் பேலட்டிலிருந்து புதிதாக எடுத்து வையுங்கள். மற்றவற்றைப் புதிய வெற்று விஐ ஒன்றுக்கு நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. 'சேவ் ஆஸ்' செய்தால் கெட்ட பதிவும் கூடவே வந்துவிடும்.

### ஆளை அழைக்க வேண்டிய இடம்

கடவுச்சொல் இட்டுப் பூட்டப்பட்ட விஐ அல்லது பிளாக் டயகிராம் நீக்கப்பட்டுத் தரப்பட்ட விஐ உடைந்திருந்தால் நீங்கள் உள்ளே சென்று செய்வதற்கு ஒன்றுமில்லை. டயகிராம் இல்லாத விஐயை வேறு பதிப்புக்குத் தொகுக்கவே இயலாது. எழுதியவரிடம் மூலத்தைக் கேளுங்கள்.

## அறிகுறி 2: கோப்பே திறக்கவில்லை

### பிழை 1125 வந்தால்

இந்தக் கணினியில் இருப்பதைவிடப் புதிய பதிப்பில் கோப்பு சேமிக்கப்பட்டிருக்கிறது. சொந்த, வணிகமற்ற பயன்பாட்டுக்கென 2020-ல் வெளிவந்த இலவசக் கம்யூனிட்டி பதிப்பை வீட்டில் வைத்திருக்கும் மாணவர், பழைய பதிப்பு உள்ள கல்லூரிக் கணினியில் அதே கோப்பைத் திறக்கப் பார்க்கும்போது இது தவறாமல் நடக்கிறது. பழைய பக்கத்தில் செய்வதற்கு எதுவுமில்லை. புதிய பதிப்பு இருக்கும் கணினிக்கே திரும்பிச் சென்று, 'ஃபைல்' மெனுவில் 'சேவ் ஃபார் பிரீவியஸ் வெர்ஷன்' என்பதைத் தேர்ந்து, கல்லூரியில் உள்ள பதிப்பைக் குறிப்பிட்டுச் சேமிக்க வேண்டும். புராஜெக்ட் மதிப்பீட்டு நாளன்று காலையில் இதைக் கண்டுபிடித்துக் கண்கலங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தொடங்கும் நாளிலேயே இரு பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் இந்தத் துன்பம் இல்லை.

### பிழை 7 (கோப்பு இல்லை) வந்து, கோப்போ கண்முன்னே இருந்தால்

கோப்புறையின் பெயரைப் பாருங்கள். அது தமிழில் இருந்தால் காரணம் அதுவே. லேப்வியூ கோப்புப் பாதைகளைக் கையாளும் பழைய எழுத்துக்குறி முறையில் தமிழுக்கு இடமில்லை. விண்டோஸ் தமிழை யூனிகோடில் மட்டுமே அறியும். எனவே பாதையில் உள்ள தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகி, அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்று ஆகிவிடுகிறது. தமிழில் பெயர் வைக்கும் நல்ல வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லைதான். ஆயினும் இந்த ஒரு மென்பொருளின் கோப்புறைகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, டிரைவின் மேல்மட்டத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் பயனர் பெயரே தமிழில் இருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும்கூட அதே சிக்கலுக்குள் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

### மின்தடைக்குப் பின் கோப்பு கெட்டுவிட்டது என்று வந்தால்

டாக்குமென்ட்ஸ் கோப்புறையில் 'லேப்வியூ டேட்டா' என்பதற்குள் 'எல்விஆட்டோசேவ்' என்ற கோப்புறை இருக்கும். மென்பொருள் தானாகச் சேமித்த பிரதி அங்கே கிடைக்கலாம்.

## அறிகுறி 3: சீரியல் கருவியோடு பேச முடியவில்லை

என்னிடம் வரும் அழைப்புகளில் இதுவே அதிகம். பிழை எண்ணைப் பொறுத்து வழி பிரிகிறது.

### −1073807343: கருவி அங்கே இல்லை

யூஎஸ்பி கேபிளை வேறொரு துளையில் செருகியிருப்பார்கள். தனக்கெனத் தொடர் எண் இல்லாத மலிவான யூஎஸ்பி-சீரியல் மாற்றிகள் துளை மாறினால் புதிய போர்ட் எண்ணைப் பெறும். நேற்று காம் 3 ஆக இருந்தது இன்று காம் 7 ஆகும். டிவைஸ் மேனேஜரில் இப்போதைய எண்ணைப் பார்த்து, விஐயில் அதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டிவைஸ் மேனேஜரிலேயே பழைய எண்ணுக்கு மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்ட் மறைகிறது என்றால், யூஎஸ்பி ஹப்பின் பண்புகளில் மின்சேமிப்புக்காக அதை அணைக்க அனுமதிக்கும் குறியை எடுத்துவிடுங்கள்.

### −1073807246: கருவி இருக்கிறது, ஆனால் வேறொருவர் கையில்

ஒரு சீரியல் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரலே திறக்க முடியும். ஆர்டுயினோவின் சீரியல் மானிட்டர், வேறு டெர்மினல் நிரல், அல்லது சோதிப்பதற்காக மேக்ஸில் (கருவிகளைப் பட்டியலிட்டுச் சோதிக்கும் துணை நிரலில்) திறந்து மூட மறந்த பேனல் ஆகிய மூன்றில் ஒன்று அதைப் பிடித்துவைத்திருக்கும். எதுவும் இல்லையென்றால், சிவப்பு அபார்ட் பொத்தானால் நிறுத்தப்பட்ட உங்கள் விஐயே போர்ட்டை மூடாமல் விட்டிருக்கலாம். லேப்வியூவை முழுமையாக மூடித் திறந்தால் விடுபடும். நிலையான தீர்வு, விசா குளோஸ் வரை நிரல் செல்லும்படி ஒரு ஸ்டாப் பொத்தான் வைத்து, அதைக் கொண்டே நிறுத்துவது.

### −1073807339: கேட்டோம், பதில் வரவில்லை

முதலில் பாட் வேகம், பாரிட்டி, ஸ்டாப் பிட் ஆகியவற்றைக் கருவியின் திரையில் பார்த்து ஒப்பிடுங்கள். லேப்வியூவின் இயல்பு 9600, 8 பிட், பாரிட்டி இல்லை. அடுத்து, கட்டளையின் இறுதியில் வரிமுடிவுக் குறி சேர்ந்து போகிறதா என்று பாருங்கள். எழுத்துச்சரப் பெட்டியில் அதைத் தட்டச்சிட்டால், பெட்டியின் காட்சிமுறை 'பேக்ஸ்லாஷ் கோட்ஸ்' என்று இல்லாதவரை, பேக்ஸ்லாஷும் ஆங்கில 'n' எழுத்தும் இரண்டு தனி எழுத்துகளாகவே போகும். கருவியோ கட்டளை முடியவில்லை என்று காத்திருக்கும்.

இவை சரியென்றால் கேபிளுக்கு வாருங்கள். ஒன்பது முள் ஆர்எஸ்-232 கனெக்டரைக் கருவியிலிருந்து கழற்றி, 2-ஆம், 3-ஆம் முள்களை ஒரு சிறு கம்பியால் இணைத்து எதையாவது அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் கணினியும் மாற்றியும் கேபிளும் நலம். கோளாறு கருவியின் பக்கத்தில். வராவிட்டால் கனெக்டரை உற்றுப் பாருங்கள். நம் கடற்கரையில், குறிப்பாக குளச்சல், முட்டம், கன்னியாகுமரி ஓரங்களில், உப்புக்காற்றுப்பட்டு முள்களில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தூரிகையால் துடைத்தால் அப்போதைக்குச் சரியாகும். முலாம் உரிந்து செம்பு தெரிந்தால் கனெக்டரை மாற்றுவதே முறை. இரண்டு கம்பியில் பல கருவிகள் சேரும் ஆர்எஸ்-485 என்றால் இந்தச் சுற்றுச்சோதனை உதவாது. ஏ, பி கம்பிகளை இடம் மாற்றிப் பாருங்கள், அதனால் கருவிக்குக் கேடில்லை. இரண்டு ஆர்எஸ்-485 கருவிகளுக்கு ஒரே முகவரி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

### பிழை எண்ணே இல்லை, ஆனால் அவ்வப்போது பதில் குறைந்து வருகிறது

இதைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது கருவியின் கோளாறு போலவே நடிக்கும். ரப்பர் உலர்த்தும் கூடம் ஒன்றில் மோட்பஸ் ஆர்டியு என்ற சீரியல் தொடர்பு முறையில் பேசும் வெப்பமானியைப் பொருத்தியிருந்தோம். நாள் முழுதும் ஒழுங்காக ஓடும். வெப்பம் 52 டிகிரியைத் தாண்டும் வேளையில் மட்டும் ஓரிரு அளவீடுகள் விழுந்துவிடும். கேபிளை மாற்றினோம், மாற்றியை மாற்றினோம், கருவியையே மாற்றினோம். ஒரு வாரம் கழித்து, விழுந்த நேரங்களைக் கருவியின் திரையோடு ஒப்பிட்டபோதுதான் ஒவ்வொரு முறையும் அது 52.2 என்று காட்டியது தெரிந்தது.

கருவி 52.2-ஐப் பத்தால் பெருக்கி 522 என்று அனுப்புகிறது. 522 என்பது இரண்டு 256-களும் ஒரு 10-உம். ஆகவே இந்த எண்ணின் கடைசி பைட்டின் மதிப்பு 10. லேப்வியூவின் சீரியல் அமைப்பு விஐ, மதிப்பு 10 உள்ள பைட்டை வரிமுடிவாகக் கொள்ளும் இயல்போடுதான் வருகிறது. அந்த பைட் வந்ததும் பதில் முடிந்துவிட்டது என்று வாசிப்பை நிறுத்திவிடும், பிழையும் தராது. 26.6 டிகிரியிலும் இதுவே நடக்கும், 266-லும் கடைசி பைட் 10 என்பதால். கருவியின் முகவரியையே 10 என்று வைத்தால் பதிலின் முதல் பைட்டிலேயே வாசிப்பு நின்றுவிடும்.

தீர்வு எளிது. விசா கன்ஃபிகர் சீரியல் போர்ட்டின் மேல்பக்க டெர்மினலில் ஃபால்ஸ் மாறிலியை இணைத்து வரிமுடிவை அணையுங்கள். பின்பு எத்தனை பைட் வரும் என்று கணக்கிட்டு அத்தனையே கேளுங்கள்: ஒரு ரிஜிஸ்டரை (கருவி ஒரு மதிப்பை வைத்திருக்கும் இடத்தை) படித்தால் 7 பைட், ஒவ்வொரு கூடுதல் ரிஜிஸ்டருக்கும் 2 பைட். எழுத்தாகப் பதில் தரும் கருவிகளுக்கு இதற்கு நேர்மாறு: வரிமுடிவை இயக்கத்திலேயே விட்டு, வேண்டியதைவிடப் பெரிய எண்ணிக்கையைக் கேளுங்கள். கட்டளை அனுப்பிய கையோடு 'பைட்ஸ் அட் போர்ட்' மதிப்பைப் படித்து அத்தனை பைட் கேட்பது பலரிடம் உள்ள பழக்கம். கருவி பதில் சொல்லத் தொடங்கும் முன்பே கேட்பதால் பூஜ்யமோ பாதியோதான் கிடைக்கும்.

### −1073807346: இணைப்புக் குறிப்பு செல்லாது

விசா வயர் ஒரு ஃபார் லூப்பின் ஊடாகச் செல்கிறதா என்று பாருங்கள். லூப்புக்குள் வரும் அணி காலியாக இருந்தால் லூப் ஒருமுறைகூட ஓடாது. லூப் ஓரத்தில் வயர் கடக்கும் சாதாரணச் சுரங்கம் (டனல்) வழியாக வெளியே வரும் குறிப்பும் வெறுமையாகிவிடும். விசா வயரையும் எரர் வயரையும், ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கடத்தும் ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வழியாகவே கொண்டுசெல்லுங்கள்.

### ஆளை அழைக்க வேண்டிய இடம்

சுற்றுச்சோதனை சரியாக வந்து, அமைப்புகளும் பொருந்தி, வேறொரு கணினியிலும் கருவி பேசவில்லை என்றால் அதன் தொடர்புப் பலகை போயிருக்கிறது. கருவியைச் சேவைக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 4: தரவு சேகரிப்புக் கருவி பிழை தருகிறது

−200220 என்றால் கருவியின் பெயர் பொருந்தவில்லை. நிரலில் டெவ் 1 என்று இருக்க, மேக்ஸில் டெவ் 2 என்று இருக்கும். மேக்ஸில் பெயரை மாற்றினால் முடிந்தது.

−50103 வந்தால் 'கருவி வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது' என்று நினைத்துக் கணினியை மறுதொடக்கம் செய்கிறார்கள். உண்மையில் அதே விஐயில் இரண்டு அனலாக் உள்ளீட்டு டாஸ்குகள் (அளவீட்டு வேலைகள்) ஒன்றாக ஓட முயல்வதே பெரும்பாலும் காரணம். பல கருவிகளில் அனலாக் உள்ளீட்டுக்கு ஒரே ஒரு நேரக்கணிப்பி உண்டு. வெப்பத்துக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று என்று இரண்டு டிஏக்யூ அசிஸ்டென்ட் (டாஸ்கை அமைத்துத் தரும் கட்டம்) வைக்காமல், எல்லாச் சேனல்களையும் ஒரே டாஸ்கில் சேர்த்து, வெளியே வந்த பின் பிரித்துக்கொள்ளுங்கள்.

−200279, கருவி சேகரிக்கும் வேகத்துக்கு உங்கள் லூப் ஈடுகொடுக்கவில்லை என்பதைச் சொல்கிறது. நொடிக்கு 1000 மாதிரிகள் எடுத்து, ஒரு முறைக்கு 100 படித்தால், லூப் நொடிக்குப் பத்து முறையாவது சுற்ற வேண்டும். அதே லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து, எழுதி, மூடினால் அது நடவாது. கோப்பை லூப்புக்கு வெளியே ஒருமுறை திறங்கள். போதாவிட்டால் படிக்கும் லூப்பையும் எழுதும் லூப்பையும் பிரித்து நடுவில் ஒரு கியூ (தரவு வரிசை) வையுங்கள். பஃபரை மட்டும் பெரிதாக்குவது பிழையைச் சில நிமிடம் தள்ளிப்போடுமேயன்றி நீக்காது. −200284 இதற்கு எதிரானது: கேட்ட மாதிரிகள் வந்துசேரவில்லை. வெளியிலிருந்து வரவேண்டிய டிரிகரோ கடிகாரத் துடிப்போ வருகிறதா என்று அந்தக் கம்பியை முதலில் பாருங்கள்.

## அறிகுறி 5: பிழை இல்லை, ஆனால் அளவீடு தவறு

### எதுவும் இணைக்காத சேனலில் பக்கத்துச் சேனலின் மதிப்பு தெரிந்தால்

ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றியைப் பல சேனல்கள் மாறி மாறிப் பயன்படுத்துவதால் முந்தைய சேனலின் மின்னழுத்தம் ஒட்டிக்கொண்டு தெரிகிறது. காலிச் சேனலைக் கிரவுண்டோடு இணையுங்கள். பூஜ்யத்துக்கு அருகில் வந்தால் கருவி நலமாகவே இருக்கிறது. கிரவுண்டோடு இணைத்த பிறகும் ஒரு சேனல் உச்ச மதிப்பிலேயே நின்றால் அதன் உள்ளீடு எரிந்துவிட்டது. அந்தச் சேனலை விட்டு வேறு சேனலுக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லையேல் சேவைக்கு அனுப்புங்கள்.

### மதிப்பு மெல்ல நகர்ந்துகொண்டே போனால்

எர்த்தோடு தொடர்பில்லாத சென்சாரை டிஃபரன்ஷியல் (இரு கம்பிகளுக்கு இடையிலான வேறுபாட்டை அளக்கும்) முறையில் இணைத்திருப்பீர்கள். எதிர்மறை முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 முதல் 100 கிலோ ஓம் வரையிலான மின்தடையம் (ரெசிஸ்டர்) ஒன்றை வையுங்கள்.

### வெப்பம் ஏற ஏற மதிப்பு இறங்கினால்

தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பி வெப்ப சென்சார்) தலைகீழாக இருக்கிறது. சிவப்பு என்றால் நேர்முனை என்ற நம் பழக்கம் இங்கே ஏமாற்றும்: அமெரிக்க நிறமுறையில் கே வகைக்கு மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை, பன்னாட்டு ஐஇசி முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை.

### கோடு முழுதும் நடுக்கமாக இருந்தால்

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் அடங்கினால் கட்டடத்தின் எர்த்தில் குறை இருக்கிறது. மென்பொருளில் ஓரளவு ஆற்ற வேண்டுமானால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி என்பதால், முழுச் சுழற்சிகளுக்குச் சராசரி எடுங்கள்: நொடிக்கு 1000 மாதிரி என்றால் 20, 40, 100 என்ற எண்ணிக்கைகள் பொருந்தும். ஆனால் எர்த்தைச் சரிசெய்யாமல் சராசரியால் மூடிவைப்பதை நான் ஏற்பதில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லிவிடுகிறேன். அந்த அளவீட்டையும் பழகியவரே எடுக்கட்டும்.

## அறிகுறி 6: கணினி திணறுகிறது, அல்லது ஸ்டாப் அழுத்தியும் நிற்கவில்லை

வெற்று வைல் லூப் ஒன்று ஓய்வின்றிச் சுற்றினால் செயலியின் ஒரு மையத்தை முழுதும் விழுங்கிவிடும். லூப்புக்குள் ஒரு 'வெயிட்' வைத்து 50 அல்லது 100 மில்லிநொடி கொடுங்கள். ஸ்டாப் பொத்தானின் டெர்மினல் லூப்புக்கு வெளியே இருந்தால் அதன் மதிப்பு ஒரே ஒரு முறைதான் படிக்கப்படும். உள்ளே இழுத்து வைத்தால் போதும். ஒரே லூப்பில் இரண்டு ஈவென்ட் ஸ்ட்ரக்சர் (பொத்தான் அழுத்தம் போன்ற நிகழ்வுக்குக் காத்திருக்கும் கட்டம்) இருந்தாலோ, ஒரு ஈவென்ட் கேஸுக்குள் நீண்ட வேலை வைத்திருந்தாலோ ஃப்ரண்ட் பேனல் உறைந்ததுபோல் நிற்கும்.

காலையில் வேகமாக ஓடி மாலையில் திணறினால், லூப்புக்குள் 'பில்ட் அர்ரே' (அணியை நீட்டிக்கொண்டே போகும் கட்டம்) இருக்கிறதா என்று தேடுங்கள். நான்கு சேனல்கள், நொடிக்கு 1000 மாதிரி, ஒவ்வொன்றும் 8 பைட் என்றால் ஒரு மணிக்கு 115.2 மெகாபைட் சேரும். அணி வளரும்போதெல்லாம் அதைவிடப் பெரிய, இடைவெளியற்ற நினைவிடம் தேவைப்படும். 32 பிட் லேப்வியூ 64 பிட் விண்டோஸிலும் 4 கிகாபைட்டுக்கு மேல் தொட முடியாது என்பதால், ராம் வாங்கிப் போடுவது இங்கே வீண் செலவு. வந்த தரவை அவ்வப்போதே கோப்பில் எழுதிவிட்டு, திரையில் பார்ப்பதற்கு வேவ்ஃபார்ம் சார்ட்டைப் பயன்படுத்துங்கள். அது இயல்பாகவே 1024 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை விட்டுவிடும்.

## அறிகுறி 7: நேரமும் எழுத்தும் மாறித் தெரிகின்றன

### சார்ட்டின் நேரம் 1904 ஜனவரி 1, காலை 5:30 என்று தொடங்கினால்

லேப்வியூ உலகப் பொதுநேரப்படி 1904-ஆம் ஆண்டின் முதல் நொடியிலிருந்து கணக்கிடுகிறது. நம் நேரம் ஐந்தரை மணி முந்தியிருப்பதால் பூஜ்யம் 5:30 ஆகத் தெரிகிறது. தொடக்க நேரத்தை நீங்கள் கொடுக்கவில்லை என்பதே இதன் பொருள். பில்ட் வேவ்ஃபார்மில் தொடக்க நேரத்தை இணையுங்கள், அல்லது சார்ட்டின் எக்ஸ் அளவுகோல் ஆஃப்செட்டில் இப்போதைய நேரத்தை இடுங்கள்.

எக்செலில் நேரத்துக்குப் பதிலாகப் பத்து இலக்க எண் வந்தால் அதுவும் அதே நொடிக் கணக்குதான். அந்த எண்ணோடு 19,800 கூட்டி, 86,400-ஆல் வகுத்து, 1,462 கூட்டி, கலத்தைத் தேதி வடிவுக்கு மாற்றினால் நம் நேரம் கிடைக்கும். பல மாதத் தரவை இப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

### தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளானால்

மேலே கோப்புப் பாதைக்குச் சொன்ன காரணமே இதற்கும். அமைப்புக் கோப்பில் 'யூஸ்யூனிகோட்' என்ற வரியைச் சேர்க்கும் வழி ஒன்று புழக்கத்தில் உண்டு. அது முறைப்படி ஆதரிக்கப்படாதது, ஆலையில் ஓடும் கணினியில் நான் அதை வைப்பதில்லை. தலைப்புகளைத் தமிழில் படமாக உருவாக்கி ஃப்ரண்ட் பேனலில் ஒட்டிவிடுங்கள். கூடத்தில் வேலை செய்யும் அக்காமார் தங்கள் மொழியிலேயே 'அடுப்பு', 'மேல்தட்டு', 'கதவு' என்று படித்து இயக்கும்போது தவறுகள் குறைவதைக் கண்கூடாகக் கண்டிருக்கிறேன்.

## அறிகுறி 8: இங்கே ஓடுகிறது, நிறுவிய கணினியில் ஓடவில்லை

உருவாக்கிய லேப்வியூவின் அதே பதிப்பு (2017 முதல் உருவாக்கியவற்றுக்குப் பொதுவாக அதைவிடப் புதியதும் பொருந்தும்), அதே பிட் அளவுள்ள ரன்டைம் எஞ்சினும் (லேப்வியூ இல்லாத கணினியில் நிரலை ஓட்டுவது), தேவையான டிரைவர்களும் அங்கே இருக்க வேண்டும். இருந்தும் பிழை 7 வந்தால் கோப்புப் பாதையைக் கணக்கிடும் இடத்தைப் பாருங்கள். இயங்கு கோப்புக்குள் விஐயின் பாதையில் அந்த இயங்கு கோப்பின் பெயரும் சேர்ந்துவிடுவதால் 'ஸ்ட்ரிப் பாத்' (பாதையின் கடைசிப் பகுதியை வெட்டும் கட்டம்) ஒரு படி பிசகும். 'அப்ளிகேஷன் டைரக்டரி' விஐயைப் பயன்படுத்தினால் இரண்டு இடத்திலும் சரியாக வரும்.

## அறிகுறி 9: இடிமழைக்குப் பின் எதுவுமே தெரியவில்லை

கோடை மழைக்கும் ஐப்பசி மழைக்கும் இங்கே இடி பலமாகவே இருக்கும். நீண்ட சென்சார் கம்பி வழியாக வரும் மின்னதிர்ச்சி கருவியோடு நிற்காமல் யூஎஸ்பி துளை வரை போய்விடும். முதலில் சென்சார் கம்பிகள் அனைத்தையும் கழற்றுங்கள். பின் அந்த யூஎஸ்பி துளையில் ஒரு சாதாரண மவுஸைச் செருகிப் பாருங்கள். அது வேலை செய்யாவிட்டால் துளையே போயிருக்கிறது. மவுஸ் வேலை செய்தால் கருவியை வேறொரு கேபிளில் இணைத்து, மேக்ஸில் செல்ஃப் டெஸ்ட் ஓட்டுங்கள். அதில் தேறினால் ஒவ்வொரு சேனலையும் முதலில் கிரவுண்டோடும், பிறகு ஒரு புதிய 1.5 வோல்ட் பேட்டரியோடும் இணைத்து மதிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். தேறாவிட்டால், அல்லது பலகையில் கருகிய வாடை வந்தால், அதை மீண்டும் மின்சாரத்தோடு இணைக்காமல் சேவைக்கு அனுப்புங்கள்.

புதிய கருவி வந்ததும் சென்சார் கம்பிகளை உடனே மாட்டிவிட வேண்டாம். கம்பி நுழையும் இடத்தில் சர்ஜ் தடுப்பானும், கணினிக்கும் கருவிக்கும் நடுவில் யூஎஸ்பி ஐசொலேட்டரும் வைத்து, எர்த்தை மின்பணியாளர் அளந்து கொடுத்த பிறகே நான் இணைக்கிறேன்.